எல்லா நம்பரும் பாஸ், மீன் மட்டும் சாகுது: காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாங்கூழ்_ஈடிபி:

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில ஈடிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பாத்துக்கறேன். படிச்சது கெமிஸ்ட்ரி, ஆனா இந்த வேலையைக் கத்துக்கிட்டது எங்க நைட் ஷிப்ட் ஆபரேட்டர் அண்ணன்கிட்டதான். சீசன் மே மாசம் ஆரம்பிச்சா பெங்களூரா மாம்பழ வரத்து நிக்கிற வரைக்கும், அதாவது ஜூலை கடைசி வரை, ராத்திரி பகல் ஓடும். மத்த மாசமெல்லாம் பெயின்ட் அடிக்கறதும் பம்பு பிரிக்கறதும்தான்.

ஸ்கிரீன், ஈக்வலைசேஷன் (வர்ற கழிவையெல்லாம் சேர்த்துக் கலக்கற டேங்க்), யூஏஎஸ்பி (காத்து இல்லாம கிருமி வேலை செய்யற டேங்க்), ஏரேஷன் (காத்து விட்டுக் கிருமியை வளர்க்கற டேங்க்), கிளாரிஃபையர் (சேறு படியற டேங்க்), கடைசியில சேண்ட் பில்டர், கார்பன் பில்டர். வெளிய போற தண்ணியில முக்கால்வாசி எங்க தோப்புக்கு, மிச்சம் ஓடைக்கு. எங்க அனுமதி ஆணையில மீன் சோதனை உண்டு: கலக்காத கழிவுநீர்ல 96 மணி நேரம் விட்டா 90 சதவீதம் மீன் பிழைக்கணும்.

இந்த சீசன் மூணு தடவை வெளி லேப்ல பாத்தோம். மே நடுவுல எடுத்தது பாஸ். ஜூன் முதல் வாரம் எடுத்ததுல 10 மீனும் 24 மணி நேரத்துக்குள்ள காலி. ஜூன் கடைசியில எடுத்ததுல 5 செத்து 5 பிழைச்சுது. மூணு தடவையும் மத்த நம்பர் ஒண்ணும் கெடலை. ஜூன் முதல் வார சாம்பிள்: பி.எச் 8.1, பிஓடி (கிருமி தின்னக்கூடிய அழுக்கு) 18, சிஓடி (மொத்த கரிம அழுக்கு) 140, டிஎஸ்எஸ் (மிதக்கிற துகள்) 30, அமோனியா நைட்ரஜன் 4, எண்ணெய் இல்லை, மீத குளோரின் இல்லை. சோப்பு ஏதாவது இருக்குமோன்னு எம்பிஏஎஸ் டெஸ்டும் போட்டோம், அதுவும் இல்லைன்னு வந்துச்சு.

மேனேஜர் "லேப்காரன் மீனே நோஞ்சான் மீனு" அப்படிங்கறார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கிற மாதிரிதான் எனக்கும் படுது. ஏன்னா எங்க ஈடிபி பக்கத்துல ஒரு கண்ணாடித் தொட்டி வச்சிருக்கோம். சுத்திகரிச்ச தண்ணிதான் அதுல ஓடுது. 6 ஜிலேபி கெண்டை, போன வருஷத்துல இருந்து கொழுத்துக்கிட்டு இருக்கு. யார் இன்ஸ்பெக்ஷன் வந்தாலும் முதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவோம்.

அதே தண்ணியில ஒரு மீன் கொழுக்குது, ஒரு மீன் சாகுது. இதை எங்க இருந்து ஆரம்பிச்சுத் தேடறது?

ஏரேட்டர்:

அமோனியாதான் தம்பி, வேற எதுவும் இல்ல. 4 தானேன்னு நினைக்காதீங்க. அமோனியாவுல மீனைக் கொல்றது அயனாகாத பங்கு மட்டும்தான். அது பி.எச் ஏற ஏறக் கூடும். 28 டிகிரியில பி.எச் 7 இருந்தா மொத்த அமோனியாவுல 1 சதவீதம் கூட இருக்காது. 8ல 6, 7 சதவீதம். லேப்ல மீன் தொட்டிக்கு ஏர் விடுவாங்க இல்ல, அப்ப தண்ணியில இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், பி.எச் தானா ஏறும். 8.7 தொட்டுச்சுன்னா கால் பங்கு விஷமாயிடும். உங்க ரிப்போர்ட்ல இருக்கற பி.எச் சாம்பிள் எடுத்தப்ப பாத்தது. மீன் செத்தப்ப எவ்வளவுன்னு லேப்ல கேளுங்க.

சும்மா_ஒரு_யோசனை:

இவ்வளவு யோசிக்கணுமா பாஸ்? லேபை மாத்துங்க. இல்லைன்னா சாம்பிள் எடுக்கற அன்னிக்கு ரெண்டு டேங்கர் போர் தண்ணி விட்டுக் கலக்குங்க. எல்லாரும் பண்றதுதான்.

மீன்_அறை:

தனியார் லேப் ஒன்றில் 22 வருடம் மீன் சோதனை அறையைப் பார்த்துக்கொண்டவள் நான். போன வருடம்தான் ஓய்வு. "லேப் மீன் நோஞ்சான்" என்று சொல்லாத கம்பெனியை இதுவரை பார்த்ததில்லை. அதைச் சரிபார்ப்பது சுலபம்: ஒவ்வொரு சோதனையிலும் நல்ல தண்ணீரில் ஒரு தொட்டி மீன் விட்டிருப்பார்கள். அதில் எத்தனை செத்தது என்று கேளுங்கள். அதில் ஒன்றும் சாகவில்லை என்றால் மேனேஜர் வேறு காரணம் தேட வேண்டும். கூடவே முதல் நாள், இரண்டாம் நாள் பி.எச்., வெப்பம், கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஆக்சிஜன் இல்லாமல் செத்த மீனுக்கு விஷம் தேடி ஒரு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

போர் தண்ணீர் யோசனை சொன்னவருக்கு: கலக்கினால் ரிப்போர்ட் பிழைக்கும். ஓடையில் அன்றைக்கு மட்டும் மீன் பிழைக்கும். நகர்ந்துவிடலாம்.

ஏரேட்டர் சொன்னதைத் தள்ளிவிட மாட்டேன். கணக்குச் சரி. ஆனால் "அமோனியாதான்" என்ற "தான்" இருக்கிறதே, அதில்தான் பணம் வீணாகும். ஒரு இடத்தில் அமோனியா என்று முடிவு கட்டி லட்சக்கணக்கில் ஸ்ட்ரிப்பர், அதாவது அமோனியாவைக் காற்றில் ஓட்டும் கோபுரம், வைத்தார்கள். அது வைத்த பிறகும் மீன் செத்தது. காரணம் கடைசியில் தாமிரம்.

நம்பர் எல்லாம் பாஸ், மீன் மட்டும் ஃபெயில் என்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கிறது. எனக்கு அது வாரத்துக்கு ஒரு தடவை வரும் கதை. அந்த லிமிட் பட்டியலையே எடுத்துப் பாருங்கள். ஆறு, ஓடைக்கு விடும் தண்ணீரில் தாமிரம் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை அனுமதி. கடினத்தன்மை குறைந்த தண்ணீரில் அதில் பத்தில் ஒரு பங்கே மீனைக் கொல்லப் போதும். மீத குளோரின் 1 மில்லிகிராம் வரை அனுமதி. அந்த அளவில் என் மீன்கள் ஒரு ராத்திரி தாங்காது. பட்டியல் முழுக்கப் பாஸ் செய்துவிட்டு மீனைக் கொல்ல முடியும். பட்டியலில் பேரே இல்லாத சரக்கு அதற்கு மேல் எத்தனையோ.

சிஓடி 140 என்கிறீர்கள். அந்த 140 யாருடையது? மாம்பழத்தின் மிச்சமா, வேறு ஏதாவதா? அந்த எண் சொல்லாது. மீன் சொல்லும், ஆனால் "சாகிறேன்" என்று மட்டும் சொல்லும். ஏன் என்று கேட்கத் தனி முறை இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் டுலூத் ஆய்வகம், மினசோட்டா மாநிலத்தில் இருப்பது, 1988ல் இதற்குக் கையேடு போட்டது, 1991ல் அதைத் திருத்தியது. யோசனை நம் பாட்டிமார் செய்வதுதான். குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரே தண்ணீரைப் பல பாட்டிலில் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வகைப் பொருளை மட்டும் நீக்கி, மீனை விடுவது. எந்தப் பாட்டிலில் மீன் பிழைக்கிறதோ, அதில் நீக்கிய வகையில்தான் குற்றவாளி.

உங்களுக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். மீன் கடையில் கப்பி வாங்குங்கள், ஒரே அளவு, ஒரே தொட்டி. வாங்கி ஒரு வாரம் நல்ல தண்ணீரில் வையுங்கள். கடைத் தொட்டியில் இருந்து நேராகச் சோதனைக்குப் போடாதீர்கள். சோதனைக்கு முந்தின நாள் இரை வேண்டாம்.

ஒரு பாட்டில் தொடாத தண்ணீர். ஒன்றை நுண்ணிய வடிதாளில் வடிகட்டுங்கள்: மிதக்கும் துகளோடு ஒட்டியிருப்பது போகும். ஒன்றில் மீன் தொட்டி ஏர் பம்ப் போட்டு ஒரு மணி நேரம் காற்றோட்டம்: ஆவியாகக் கூடியது, ஆக்சிஜன் பட்டால் மாறக்கூடியது போகும். ஒன்றில் சோடியம் தயோசல்பேட்: குளோரின் மாதிரியான ஆக்சிகரணிகள் போகும். ஒன்றில் ஈடிடிஏ: தாமிரம், துத்தநாகம், நிக்கல் போன்ற உலோகங்களைக் கட்டிப்போடும். தயோசல்பேட்டிலும் ஈடிடிஏவிலும் சேர்ந்து மீன் பிழைத்தால் தாமிரத்தைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் தயோசல்பேட் அதையும் பிடிக்கும். பிறகு ஒன்றில் பி.எச் 6.5, ஒன்றில் 8.5, இரண்டையும் அந்தந்த இடத்திலேயே நாள் முழுக்க நிறுத்த வேண்டும். 8.5ல் சாவு கூடி 6.5ல் குறைந்தால் ஏரேட்டர் ஜெயித்தார். தலைகீழாக இருந்தால் சல்பைடு. யூஏஎஸ்பி வைத்திருப்பவர்கள் அதையும் மறக்கக் கூடாது. கடைசியாக ஒன்று: கையேட்டில் சி18 என்ற பொடி நிரப்பிய சிறு குழாயில் விட்டு எண்ணெய்த்தன்மையுள்ள கரிமப் பொருள்களைப் பிடிப்பார்கள். உங்களிடம் அது இருக்காது, புது கார்பன் தூளைப் போட்டுக் கலக்கி வடிகட்டுங்கள். கார்பன் பலதையும் பிடிக்கும் என்பதால் துல்லியம் குறையும், முதல் சுற்றுக்குப் போதும்.

இப்போது முக்கியமானது. மேலே செய்த ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரிலும் செய்து, அதிலும் மீன் விடுங்கள். ஈடிடிஏ அதிகமானால் அதுவே கொல்லும். அமிலம் விட்டு, காரம் விட்டு, மறுபடி அமிலம் விட்டால் உப்பு ஏறும். இந்த வெற்றுச் சோதனை இல்லாமல் அனுப்பிய முடிவை நான் படிக்கக்கூட மாட்டேன்.

சாம்பிள் கண்ணாடிப் பாட்டிலில், கழுத்து வரை நிரப்பி, ஐஸில். 36 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. அந்தக் கண்ணாடித் தொட்டிக்குத் தண்ணீர் எந்தக் குழாயில் இருந்து வருகிறது? லேப்காரர் சாம்பிள் எங்கே எடுத்தார்? இரண்டும் ஒரே இடமா?

பாலாற்றங்கரை:

தோல் பதனிடற பெல்ட்ல இருந்து எழுதறேன். அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. எங்க ஊர்ல பாதி பிரச்சினை வெறும் உப்பு. நன்னீர் மீனாவது கொஞ்சம் தாங்கும், டாப்னியா (சோதனைக்கு விடற குட்டி நீர்ப்பூச்சி) தாங்காது. அதைச் சரிபார்க்க, உங்க தண்ணியில இருக்கற சோடியம், குளோரைடு, சல்பேட், கால்சியம் எல்லாத்தையும் அதே அளவுல நல்ல தண்ணியில கலந்து ஒரு போலித் தண்ணி தயார் பண்ணுங்க. அதுலயும் செத்தா உப்பு. சாகலைன்னா உப்பை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. மாங்கூழ்ல டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு) எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாது, ஆனா காஸ்டிக் போட்டுக் கழுவறீங்கன்னா, தண்ணியோட கடினத்தன்மையைப் போக்கற சாஃப்ட்னரை உப்பு விட்டுக் கழுவற ரீஜெனரேஷன் தண்ணியும் வந்தா, பாத்து வச்சுக்கறது நல்லது.

மாங்கூழ்_ஈடிபி:

மேடம், உங்க கடைசிக் கேள்விக்கு நேத்து ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டுக் குழாய் பின்னாலயே நடந்து பாத்தேன். வெக்கமாத்தான் இருக்கு. கண்ணாடித் தொட்டிக்கு கார்பன் பில்டர் அவுட்லெட்ல இருந்து நேரா அரை இஞ்ச் லைன். லேப்காரர் எடுக்கறது கடைசி சம்ப்ல, அதாவது வெளிய போற தண்ணி சேர்ற தொட்டியில. ரெண்டுக்கும் நடுவுல அந்த சம்ப்புக்கு இன்னும் ரெண்டு குழாய் வருது. ஒண்ணு சாஃப்ட்னர். இன்னொண்ணு கூலிங் டவர் பிளோடவுன், அதாவது டவர்ல சுத்திச் சுத்தி உப்பு ஏறினதும் வெளிய விடற தண்ணி. "அது சுத்தமான தண்ணி, அதை எதுக்கு ஈடிபிக்கு விடணும்"னு யாரோ முன்னாடி இருந்தவங்க நேரா சம்ப்ல விட்டிருக்காங்க. டிராயிங்ல இல்லை.

லேப்லயும் கேட்டேன். நல்ல தண்ணித் தொட்டியில ஒரு மீன் கூடச் சாகலை. ஆக்சிஜன் 6க்குக் குறையலை. பி.எச் 8.1ல இருந்து 8.6 போயிருக்கு.

ஏரேட்டர்:

8.6! சொன்னேன் பாத்தீங்களா.

மீன்_அறை:

மேடம் வேண்டாம், அக்கா போதும்.

குழாயைக் கண்டுபிடித்ததிலேயே பாதி வேலை முடிந்தது. ஆனால் கூலிங் டவர்தான் என்று இப்போதே சொல்ல மாட்டேன். ஏரேட்டரும் அவசரப்பட வேண்டாம். பாட்டில் வரிசையைப் போடுங்கள். டவருக்கு மருந்து போடுபவர் எந்தக் கிழமை வருகிறார் என்று மட்டும் விசாரித்து, அதற்கு மறுநாள் சம்ப்பில் எடுங்கள். விஷம் இல்லாத நாளில் எடுத்த தண்ணீரில் விஷத்தைத் தேட முடியாது. இந்த முறையில் நிறையப் பேர் தோற்பது இங்கேதான்.

மாங்கூழ்_ஈடிபி:

அக்கா, தாமதத்துக்கு மன்னிக்கணும். நடுவுல லோடு வரத்து ஜாஸ்தி, தூங்கவே நேரமில்ல.

மருந்துக்காரர் செவ்வாய்க்கிழமை வருவார். போன புதன் காலையில சம்ப்ல எடுத்தேன். பாட்டிலுக்கு 10 கப்பி. 24 மணி நேரத்துல:

தொடாத தண்ணியில 9 செத்துது. தயோசல்பேட்ல 9. ஈடிடிஏல 10. பி.எச் 6.5ல 8, 8.5ல 9. வடிகட்டினதுல 6. காத்தோட்டம் விட்டதுல 3 மட்டும். கார்பன்ல ஒண்ணு கூடச் சாகலை. நல்ல தண்ணியில எல்லா வெற்றுச் சோதனையும் போட்டேன், மொத்தத்துல ஒரே ஒரு மீன் செத்துது, அது ஈடிடிஏல. பாலாற்றங்கரை அண்ணன் சொன்ன போலித் தண்ணியும் கலந்தேன், டிடிஎஸ் 1,400க்கு. அதுல எதுவும் சாகலை.

எனக்குப் புரியாதது காத்தோட்டம். ஆவியாகிற பொருள்னா வாசனை ஏதாவது வரணுமே? ஒண்ணும் இல்லை. பாட்டில்ல லேசா நுரை கட்டுச்சு, அவ்வளவுதான்.

மீன்_அறை:

"லேசா நுரை கட்டுச்சு, அவ்வளவுதான்." தம்பி, அந்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் யார் யார் விடுதலை என்று பார்ப்போம். பி.எச் 6.5லும் 8.5லும் கிட்டத்தட்ட ஒரே சாவு. அமோனியா இல்லை, சல்பைடும் இல்லை. ஈடிடிஏ ஒன்றும் செய்யவில்லை, உலோகம் பெரும்பாலும் இல்லை. தயோசல்பேட்டும் செய்யவில்லை, குளோரின் இல்லை. உப்பும் இல்லை. கார்பன் முழுவதும் பிடித்துவிட்டது, ஆகவே கரிமப் பொருள். வடிகட்டியபோது கொஞ்சம் குறைந்தது, ஆகவே பரப்புகளில் ஒட்டும் குணம் உள்ளது.

காற்றோட்டத்தில் குறைந்தால் ஆவியாகிப் போனது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இன்னொரு வழியும் உண்டு. சோப்பு வகைப் பொருள்கள் காற்றுக் குமிழியின் மேல் ஏறி, குமிழியோடு மேலே வந்து, நுரையாகிப் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் போகவில்லை, சுவரில் உட்கார்ந்திருக்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: மறுபடி காற்றோட்டம் விடுங்கள். நுரை படிந்த மேல் பகுதியைத் தொடாமல், அடியில் இருந்து சிறு குழாயால் தண்ணீரை உறிஞ்சி வெளியே எடுங்கள். காலிப் பாட்டிலின் சுவரைக் கொஞ்சம் மெத்தனாலால் கழுவி, மெத்தனாலை ஆவியாக விட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அதில் மீன் விடுங்கள். பக்கத்தில் காலியான சுத்தப் பாட்டிலிலும் அதே மெத்தனால் வேலை, வெற்றுச் சோதனைக்காக. சுவரில் இருந்து விஷம் திரும்பி வந்தால் சோப்பு வகைதான், வேறு வாதமே இல்லை.

"எம்பிஏஎஸ் போட்டோம், இல்லைன்னு வந்துச்சு" என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். அந்த டெஸ்டில் மெத்திலீன் நீலம் எதிர்மின் சோப்பைத்தான் பிடிக்கும், துணி சோப்புத்தூள் வகை. நேர்மின் சோப்பு அதில் தெரியவே தெரியாது. போதாததற்கு, இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, இருக்கிற எதிர்மின் சோப்பைக்கூடக் குறைத்துக் காட்டும். நேர்மின் வகைக்கு டைசல்ஃபைன் நீலம் என்ற வேறு டெஸ்ட். லேப்பில் கேளுங்கள்.

நேர்மின் சோப்பு என்றால் என்ன தெரியுமா? கிருமிநாசினி. ஆஸ்பத்திரித் தரையிலும் ஊற்றுவார்கள், கூலிங் டவர் பாசிக்கும் ஊற்றுவார்கள். பென்சால்கோனியம் குளோரைடு, கடையில் பிகேசி. மீனின் செவுளில் ஒட்டி மூச்சை நிறுத்தும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவே மீனுக்குப் போதும், டாப்னியாவுக்கு அதைவிட மிகமிகக் குறைவு. அந்த அளவு உங்கள் சிஓடி 140ல் எங்கே தெரியப்போகிறது?

டவரில் போட்ட கேனின் பாதுகாப்புத் தாளை வாங்கிப் படியுங்கள்.

மாங்கூழ்_ஈடிபி:

அக்கா, சுவர்ல இருந்து திரும்பி வந்துச்சு. கழுவின தண்ணியில 10ல 8. மெத்தனால் மட்டும் விட்ட பாட்டில்ல எல்லாம் சுத்திக்கிட்டு இருக்கு. நைட் ஷிப்ட் அண்ணன் அதைப் பாத்துட்டு "பேய் பாட்டில்"னு பேர் வச்சுட்டார்.

மருந்துக்காரர் கேனுக்கு லேபிள் வெறும் நம்பர்தான். பர்ச்சேஸ்ல சண்டை போட்டுத் தாளை வாங்கினேன். பென்சால்கோனியம் குளோரைடு 50 சதவீதம்னு போட்டிருக்கு. அவர் போடற அளவு அவர் நோட்டுல இருக்கு. மூணு லேப் ரிப்போர்ட் தேதியையும் அந்த நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். மே சாம்பிள் எடுத்தது திங்கள், மருந்து போட்டு ஆறு நாள் கழிச்சு. ஜூன் முதல் வாரம் எடுத்தது புதன், முந்தின நாள் பிகேசி. ஜூன் கடைசியும் புதன்தான், ஆனா அன்னிக்குப் பாதிதான் செத்துது. அது ஏன்னு தெரியலை.

மேனேஜர்கிட்ட காமிச்சேன். "அப்ப நம்ம ஈடிபி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு" அப்படின்னார். அவருக்கு அதுதான் முக்கியம். முடிஞ்சுதா அக்கா?

மீன்_அறை:

முடியவில்லை. இதுவரை கிடைத்தது சந்தேகம், நல்ல சந்தேகம். இனி நிரூபணம். தேதி பொருந்துவது மட்டும் போதாது. அதே செவ்வாய்க்கிழமை உங்கள் ஆலையில் வேறு எதுவும் கழுவுகிறார்களா என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கட்டத்தை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பல ஊர்களில் வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரில் டாப்னியாவின் உறவுக்காரப் பூச்சி செத்துக்கொண்டிருந்தது. தேடிப் போனால் டயசினான், வீட்டுத் தோட்டத்துக்கும் கரப்பானுக்கும் அடிக்கிற மருந்து. நிலையத்தில் குறை இல்லை, சாக்கடையில் வந்தது குறை. அதை உறுதி செய்ய ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். பைபரோனைல் பியூடாக்சைடு என்ற பொருளைச் சேர்த்தால், டயசினானை உடம்புக்குள் விஷமாக மாற்றும் நொதி முடங்கும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். பைரித்ராய்டு வகை மருந்தாக இருந்தால் அதே பொருள் சாவைக் கூட்டும். ஒரே சொட்டில் இரண்டு குடும்பத்தைப் பிரித்துவிடலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு டயசினான் விற்பனை 2004 முடிவோடு நின்றது.

இன்னொன்று, இது மழைநீர்க் கதை. சியாட்டில் பக்க ஓடைகளில் மழை பெய்ததும் கோஹோ சால்மன் முட்டையிடும் முன்பே சாகும். வருடக்கணக்கில் காரணம் தெரியவில்லை. 2020ல் கண்டுபிடித்தார்கள்: கார் டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் இன்னொரு பொருள். யாருடைய பட்டியலிலும் இல்லாத பேர். அவர்களும் தண்ணீரைப் பிரித்துப் பிரித்து, மீன் சாகிற பாகத்தை மட்டும் மறுபடி பிரித்துத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். புதன்கிழமை, கார்பன் பில்டர் அவுட்லெட் தண்ணீர் ஒரு பாட்டில், பிளோடவுன் தனியாக ஒரு பாட்டில். அவுட்லெட்டில் மீன் பிழைக்க வேண்டும். அதில் சம்ப்பில் சேரும் விகிதத்தில் பிளோடவுனைக் கலந்தால் சாக வேண்டும். மருந்துக்காரரின் கேனில் இருந்து சொட்டு எடுத்து, டைசல்ஃபைன் டெஸ்டில் வந்த அளவுக்கே அவுட்லெட் தண்ணீரில் கலந்தால், அதே அளவு சாக வேண்டும். கூட செத்தாலும், குறைவாகச் செத்தாலும், உள்ளே இன்னொரு ஆள் இருக்கிறான். இதைக் குறைந்தது மூன்று, நான்கு புதன்கிழமை செய்யுங்கள்.

தயவுசெய்து பிளோடவுன் குழாயை அவசரத்தில் ஈக்வலைசேஷன் டேங்குக்குத் திருப்பிவிடாதீர்கள். கிருமியைக் கொல்ல வந்த மருந்து ஏரேஷன் டேங்க் கிருமியையும் விட்டுவைக்காது. அமோனியாவை நைட்ரேட் ஆக்குகிற கிருமிகள் முதலில் அடிபடும். அப்புறம் ஏரேட்டர் சொன்ன அமோனியா நிஜமாகவே வந்துவிடும். மருந்து போட்ட பிறகு இரண்டு நாள் பிளோடவுன் வால்வை மூடி வைக்க முடியுமா, அல்லது தனித் தொட்டியில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட முடியுமா என்று பாருங்கள்.

ஜூன் கடைசி வாரம் பாதி மீன் செத்ததற்கு, அன்று போட்ட கேனும் இதேதானா? டவர்க்காரர்கள் வழக்கமாக வாரம் ஒரு மருந்து என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒரே மருந்தைப் போட்டால் பாசி பழகிவிடும் என்று.

ஏரேட்டர்:

சரி, அமோனியா இல்லை. ஒத்துக்கறேன். பிளோடவுனை எங்க பிளான்ட்லயும் "சுத்தமான தண்ணி"ன்னுதான் வெளிய விட்டுக்கிட்டு இருக்கோம். நாளைக்குக் காலையில முதல் வேலை அதைப் பாக்கறதுதான்.

மாங்கூழ்_ஈடிபி:

அக்கா, நீங்க சொன்னது சரி. ஜூன் கடைசி வாரம் போட்டது வேற கேன். ஐசோதயசோலினோன்னு தாள்ல இருக்கு, அதுவும் ஒரு கிருமிநாசினி.

ரெண்டு புதன் செஞ்சு முடிச்சேன். ரெண்டும் பிகேசி வாரம். இடையில மருந்துக்காரர் ஒரு வாரம் வரலை, அதனால அந்த இன்னொரு மருந்து வாரம் கிடைக்கலை. கார்பன் பில்டர் அவுட்லெட் தண்ணியில ரெண்டு தடவையும் ஒரு மீன் கூடச் சாகலை. பிளோடவுன் கலந்ததுல 9, 8. கேன்ல இருந்து எடுத்துக் கலந்ததுல 8, 8. டைசல்ஃபைன் டெஸ்டுக்கு லேப்ல தனியா காசு கேட்டாங்க, என் கையில இருந்துதான் கட்டினேன், பில் போட்டிருக்கேன், பாப்போம்.

மருந்து போட்ட ரெண்டு நாள் பிளோடவுன் வால்வை மூடச் சொல்லி போர்டு எழுதி மாட்டியாச்சு. டவர் ஆபரேட்டர் "கண்டக்டிவிட்டி ஏறுது"ன்னு, அதாவது தண்ணியில உப்பு ஏறுதுன்னு, புலம்பறார். கண்ணாடித் தொட்டி லைனையும் கடைசி சம்ப்புக்கு மாத்திட்டேன். மேனேஜருக்கு இன்னும் சொல்லலை. ஜிலேபி ஆறும் இப்ப வரைக்கும் இருக்கு, ஆனா இரைக்கு முன்ன மாதிரி மேல வரலை.

பெங்களூரா வரத்து நின்னு போச்சு. சனிக்கிழமையோட டவரை நிறுத்தறாங்க. அந்த இன்னொரு கேனோட புதன்கிழமையை அடுத்த மே மாசம்தான் பாக்க முடியும். கப்பி ஒரு அறுபது மீதி இருக்கு, வீட்டுத் தொட்டியில விட்டிருக்கேன்.

மீன்_அறை:

அறுபது கப்பி மே மாதத்துக்குள் அறுநூறு ஆகிவிடும். இப்போதே பெரிய தொட்டி வாங்கிவிடுங்கள். ஐசோதயசோலினோனுக்கு சோடியம் பைசல்ஃபைட் வேலை செய்யும், அந்தப் பாட்டிலையும் அடுத்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிலேபிகளை ஒரு செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் பழைய லைனுக்கே மாற்றிவிடுங்கள் தம்பி, அதுகள் பாவம்.